குளியலறைக் கசிவால் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை: செலவு யாருடையது?

கேள்வி:
இரண்டு ஆண்டுகளாக இந்த வாடகை வீட்டில் இருக்கிறோம். படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. ஐந்து மாதங்களுக்கு முன் சுவரின் அடியில் உள்ளங்கையளவு ஈரம் தெரிந்தது. அன்றே உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பிளம்பரை அனுப்புவதாகச் சொன்னார். மூன்று முறை நினைவூட்டியும் யாரும் வரவில்லை. போன வாரம் பீரோவை நகர்த்தினால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். விரல் பட்டாலே காரை மாவாக உதிர்கிறது. மகளுக்கு இரவெல்லாம் இருமல். இப்போது வந்து பார்த்த உரிமையாளர், "துணியை உள்ளே காயப்போட்டதால் வந்தது, முன்பணத்தில் கழித்துக்கொள்வேன்" என்கிறார். மழை நாட்களில் உள்ளே காயப்போட்டது உண்மைதான். அதனால் தவறு என்னுடையதாகிவிடுமா? நானே பெயின்ட் அடித்து முடித்துவிடட்டுமா?

பதில் 1:
பெயின்ட் வேண்டவே வேண்டாம். நாங்கள் அடித்தோம், இரண்டே மாதத்தில் கொப்பளித்து உரிந்தது. உங்கள் கையிலுள்ள சாட்சியும் அதோடு மறைந்துபோகும். முதலில் படம் எடுங்கள்.

பதில் 2:
கட்டட மராமத்து வேலையில் இருப்பவன் நான். பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. சுவர் 24 முதல் 48 மணி நேரம் ஈரமாகவே இருந்தால் முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அறையின் ஈரப்பதமே அங்கே படிந்து பூஞ்சை வருவதுண்டு. உரிமையாளர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் வெளிச்சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் குளிர்ந்த மூலையிலும்தான். குளியலறையை ஒட்டிய உட்சுவரில், அடியிலிருந்து மேலேறுகிறது என்றால் எனக்குக் குழாய் மீதுதான் சந்தேகம்.

ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறைக் காற்றிலிருந்து. ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பாருங்கள். ஓடினால் கசிவு உறுதி. ஓடாவிட்டாலும் கழிவுநீர்க் குழாய் கசியலாம், மீட்டர் அதைக் காட்டாது.

பதில் 3:
பெரும்பாலான இடங்களில் சுவர், கூரை, உட்குழாய்கள் உரிமையாளர் பொறுப்பு. பழுதை உடனே தெரிவிப்பதும் வீட்டைக் காற்றோட்டமாக வைப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. நீங்கள் முதல் நாளே தெரிவித்துவிட்டீர்கள். குறை ஒன்றுதான்: எழுத்தில் இல்லை. அழைத்த தேதிகளை வரிசையாக எழுதிப் படங்களோடு இன்றே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். சரிசெய்ய ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் பராமரிப்புப் பகுதியைப் படியுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றது. பென்சில் கோட்டை ஈரம் மூன்று விரற்கடை தாண்டிவிட்டது. கடிதம் அனுப்பிவிட்டேன். கசிவைச் சரிசெய்யும்வரை பூஞ்சையை நானே துடைக்கலாமா ஐயா?

பதில் 2:
மகளை முதலில் வேறு அறையில் படுக்க வையுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமே 2009இல் சொல்லியிருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் முகக்கவசம், கையுறை அணிந்து சோப்பு நீரால் துடைக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். கசிவை அடைத்து, உதிரும் காரையைக் கொத்தியெடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே புதுப்பூச்சு. பிளம்பர் வரும்போது அந்தப் பென்சில் கோடுகளை அழிக்காமல் காட்டுங்கள்.