கிராபிக்ஸ் கார்டு விலை உயர்ந்ததற்கு மைனிங்தான் காரணமா?

தும்பி எழுதியது:

2020 செப்டம்பர் 17 அன்று என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற கிராபிக்ஸ் கார்டு வெளிவந்தபோது அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 699 டாலர். அடுத்த ஒன்றரை ஆண்டுகளில் அந்த விலைக்கு அதை வாங்க முடிந்த கேமர்கள் மிகச் சிலரே. விளையாடுவதற்கென்று வடிவமைத்து, விளையாடுபவர்களிடம் விளம்பரம் செய்த பொருள், பெருமளவில் எத்தேரியம் மைனிங் (கார்டுகளை ஓயாமல் கணக்கிட வைத்து எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டுவது) செய்யும் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, "பழைய கதை, விடுங்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. இன்று நாம் கொடுக்கும் விலையின் வேர் அந்தக் காலத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெண்பலகை எழுதியது:

நண்பர் தும்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கருத்து. நீங்களே குறிப்பிட்ட அந்த வெளியீட்டு நாளை எடுத்துக்கொள்வோம். அன்று ஒரு எத்தேரியத்தின் விலை 400 டாலரைக்கூடத் தொடவில்லை. எத்தேரியம் விலை இன்னும் ஏறாத அந்த நேரத்திலேயே 3080 சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அடைபட்டிருந்த கேமர்களும், அவர்களிடமே கூடுதல் விலைக்கு விற்க நினைத்த பதுக்கல்காரர்களும்தான்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் வந்தன. அவற்றை வைத்து யாரும் எத்தேரியம் மைனிங் கூடங்களை நிரப்பவில்லை. ஆனாலும் அவை நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவில்லை, வெளியில் கூடுதல் விலைக்குத்தான் விற்றன. சிப் உற்பத்தித் திறன் போதவில்லை, சிப்பைத் தாங்கும் அடித்தட்டுகளுக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு, கார் நிறுவனங்களே சிப் கிடைக்காமல் ஆலைகளை நிறுத்திவைத்த காலம் அது. மைனிங் ஒன்றையே குற்றவாளியாக்கினால் இவை அனைத்தையும் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம்.

தும்பி எழுதியது:

வெண்பலகை அவர்களுக்கு: முதல் மூன்று நான்கு மாதங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதன் பிறகு நடந்ததை ஏற்க முடியாது. ஏன் என்று சொல்ல, எத்தேரியம் மைனிங் ஒரு கார்டின் எந்தப் பகுதியைப் பயன்படுத்தியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் அல்காரிதமான ஈத்தாஷ் கணக்கிடும் திறனை அதிகம் கேட்பதில்லை, மெமரியைத்தான் கேட்கிறது. ஒரு ஹாஷை, அதாவது மைனிங்கின் ஒரு முயற்சிக் கணக்கை, முடிக்கப் பல ஜிகாபைட் அளவுள்ள ஒரு தரவுத் தொகுப்பிலிருந்து 128 பைட் கொண்ட துண்டுகளை 64 முறை எடுத்துப் படிக்க வேண்டும். அதாவது ஹாஷ் ஒன்றுக்கு 8,192 பைட். 3080-இன் மெமரி நொடிக்கு 760 ஜிகாபைட் கொடுக்கும். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 93 மெகாஹாஷ் (ஒரு மெகாஹாஷ் பத்து லட்சம் ஹாஷ்) வருகிறது. நடைமுறையில் அந்தக் கார்டு கொடுத்ததும் கிட்டத்தட்ட அதுதான், மெமரி வேகத்தைச் சற்று ஏற்றினால் நூறை நெருங்கும். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டியோ பல விளையாட்டுகளில் 3080-க்கு ஈடாக ஓடக்கூடியது. அது அந்த ஈட்டைப் பெற்றது 128 மெகாபைட் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி) மூலம். வெளி மெமரி தரவு கொடுக்கும் வேகம் (பேண்ட்வித்) நொடிக்கு 512 ஜிகாபைட் மட்டுமே. அந்தப் பெரிய தரவுத் தொகுப்பு கேஷுக்குள் அடங்காததால், மைனிங்கில் அது 62 மெகாஹாஷ் அளவோடு நின்றுவிட்டது.

இரண்டும் விளையாட்டில் ஏறக்குறைய ஒன்று, அறிவித்த விலையும் 699-க்கு 649. தட்டுப்பாடும் கேமர்களின் ஆர்வமும் மட்டுமே விலையை நிர்ணயித்திருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் 2021-இல் பழைய பொருள் சந்தையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கார்டின் மெகாஹாஷ் எண்ணைச் சொன்னால் அதன் விலையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். விளையாட்டில் நொடிக்கு எத்தனை காட்சிச் சட்டங்கள் கிடைக்கும் என்பது விலைக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஆளே வாங்காத நிலைக்கு வந்திருந்த ஆர்எக்ஸ் 580 போன்ற 2017-ஆம் ஆண்டுக் கார்டுகள்கூட, புதிதாக விற்ற விலையைத் தாண்டிப் போயின. பழைய கார்டுக்கு அப்படி விலை ஏற அடித்தட்டுத் தட்டுப்பாடு மட்டும் போதுமா?

அளவையும் பார்ப்போம். 2022-இன் நடுப்பகுதியில் எத்தேரியம் வலையமைப்பின் மொத்த வேகம் நொடிக்கு ஆயிரம் டெராஹாஷைத் தொட்டது (ஒரு டெராஹாஷ் பத்து லட்சம் மெகாஹாஷ்). கார்டு ஒன்றுக்குச் சராசரி 60 மெகாஹாஷ் என்று வைத்தால் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்தன என்று ஆகிறது.

வெண்பலகை எழுதியது:

6800 எக்ஸ்டி ஒப்பீடு வலுவானது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றரைக் கோடி என்ற கணக்கில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, அந்த வேகம் ஐந்தாறு ஆண்டுகளாகச் சேர்ந்தது. அதில் 2017-இல் வாங்கிய கார்டுகளும், எத்தேரியத்துக்கென்றே செய்த தனி இயந்திரங்களும் கலந்திருந்தன. அவற்றை 2021-இன் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. இரண்டாவது, இந்தத் துறையை நீண்ட காலமாகக் கவனித்துவரும் ஜான் பெடி ரிசர்ச் நிறுவனம், 2021-இன் முதல் காலாண்டில் விற்ற கார்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு மைனிங் செய்பவர்களிடமும் ஊக வணிகர்களிடமும் போனதாக மதிப்பிட்டது. மைனிங் உச்சத்தை நெருங்கிய காலத்திலேயே நான்கில் மூன்று கார்டுகள் வேறு கைகளுக்குத்தான் போயிருக்கின்றன.

நெடுவழி எழுதியது:

இந்த 25 விழுக்காட்டை வெண்பலகை தவறாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதால் குறுக்கிடுகிறேன்.

நூறு பேர் வரிசையில் நிற்கும்போது நூறு கார்டுகள் இருந்தால் விலை அமைதியாக இருக்கும். அதிலிருந்து இருபத்தைந்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால், எழுபத்தைந்துக்கு நூறு பேர் போட்டியிடுவார்கள். அப்போது விலையைத் தீர்மானிப்பவர், விட்டுவிட மனமில்லாமல் கடைசி வரை ஏற்றிக் கேட்பவர். கேமர் தம் வீட்டுக்கு ஒரு கார்டு வாங்குகிறார், மனத்துக்குள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார், அதைத் தாண்டினால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விலகுகிறார். மைனிங் செய்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. மின்கட்டணம் போக இத்தனை மாதத்தில் முதல் திரும்பிவிடும் என்று கணக்கு சொன்னால், இரண்டு மடங்கு விலையும் அவருக்கு ஏற்புடையதே. ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார். கால்பங்கு என்பது சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் முழுச் சந்தையின் விலையையும் அதுவே இழுத்துச் செல்ல முடியும். தட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது என்கிறார் வெண்பலகை. தட்டுப்பாடு இருந்ததனால்தான் கால்பங்குக்கு அத்தனை பலம் வந்தது.

எனக்கு அதிக வருத்தம் தருவது வேறொன்று. 2017-18 அலையிலேயே இதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டோம். 2018-இல் கிரிப்டோ விலைகள் சரிந்தபோது விற்பனையாளர்களிடம் கார்டுகள் தேங்கின, நவம்பரில் என்விடியாவின் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 19 விழுக்காடு விழுந்தது. விளையாட்டுப் பிரிவின் வளர்ச்சிக்கு மைனிங் எவ்வளவு பங்களித்தது என்பதை முதலீட்டாளர்களிடம் போதிய அளவு சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டை, 2022 மே மாதத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் அந்நிறுவனம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது. குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முதலீட்டாளருக்கு ஒரு கணக்காவது கேட்கக் கிடைத்தது, வாங்க முடியாமல் நின்ற கேமருக்கு அதுவும் இல்லை.

வெண்பலகை எழுதியது:

நெடுவழி அவர்களின் வாதத்தை ஏற்கிறேன். விலையை மேலே இழுத்தது அந்தக் கால்பங்குதான் என்பது வரை. ஆனால் தயாரிப்பாளர்கள் ஒன்றும் செய்யவில்லை என்ற தொனி சரியன்று. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் எத்தேரியம் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் தடையை என்விடியாவினர் வைத்தார்கள். மே மாதத்திலிருந்து 3060 டிஐ, 3070, 3080 ஆகியவையும் அந்தத் தடையோடு வந்தன. மைனிங்குக்கென்றே சிஎம்பி என்ற தனி வரிசையும் விற்றார்கள்.

தும்பி எழுதியது:

அந்தத் தடையின் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். 3060 வந்து ஒரு மாதம் ஆவதற்குள், என்விடியாவே வெளியிட்ட சோதனை நிலை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒன்று தடையைத் தவறுதலாக நீக்கிவிட்டது. பிறகு மைனிங் மென்பொருள் எழுதுபவர்கள் படிப்படியாக 70 விழுக்காடு வேகத்தை மீட்டார்கள், 2022 மே மாதத்தில் முழுத் தடையும் உடைந்தது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். பூட்டைத் திறந்தால் பணம் கிடைக்கும் என்று தெரிந்த பின் எந்தப் பூட்டும் நிற்காது என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சிஎம்பி வரிசை எனக்கு மனக்கசப்பையே தருகிறது. மானிட்டரை இணைக்கும் துளையே இல்லாத கார்டுகள் அவை. சாதாரணக் கார்டாக இருந்திருந்தால், மைனிங் நின்றதும் ஒரு மாணவருக்குக் குறைந்த விலையில் போய்ச் சேர்ந்திருக்கும். இவற்றுக்கு அந்த இரண்டாம் வாழ்க்கை இல்லை.

ஆலங்கட்டி எழுதியது:

இரண்டாம் வாழ்க்கை என்றதும் என் அனுபவத்தைச் சொல்லத் தோன்றியது. 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு எத்தேரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற, மைனிங் இன்னும் நடந்த வேறு நாணயங்களுக்கு எல்லோரும் ஒரே நாளில் தாவினார்கள். பங்கு போட ஆள் பெருகியதால் வருமானம் மின்கட்டணத்துக்கும் போதாமல் போனது. கார்டுகள் மொத்தமாக விற்பனைக்கு வந்தன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நான் அப்படித்தான் ஒரு 3080 வாங்கினேன், அறிவித்த விலையைவிட வெகுவாகக் குறைத்து. மைனிங் கேமர்களுக்குக் கெடுதல் மட்டுமே செய்தது என்று என்னால் எழுத முடியாது.

மைனிங் செய்த கார்டு செத்த கார்டு என்ற பேச்சும் மிகையானது. மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதால் சிப்பின் மின்னழுத்தத்தைக் குறைத்தே ஓட்டியிருப்பார்கள். விளையாடும்போது ஏற்படுவது போல நாளுக்குப் பல முறை சூடாகிக் குளிர்வதும் இல்லை. தேய்வது விசிறியும், மெமரிக்கு மேலிருக்கும் வெப்பப் பட்டைகளும். 3080-இன் மெமரி 110 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் கார்டு வாங்கிய அன்று சில நிமிடங்களில் அங்கே போய் நின்றது. பட்டைகளை மாற்றினேன், ஒரு விசிறியை மாற்றினேன். இன்றுவரை குறையின்றி ஓடுகிறது.

தும்பி எழுதியது:

ஆலங்கட்டி அவர்களுக்கு நல்லது நடந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் வெப்பப் பட்டை மாற்றத் தெரிந்தவருக்குக் கிடைத்த சலுகை அது. கார்டைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமோ என்று அஞ்சுகிற, முதன்முறையாகக் கணினி சேர்க்கிற ஒருவருக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் காத்திருந்ததற்கும் யாரும் ஈடு தரவில்லை.

வெண்பலகை எழுதியது:

தும்பியின் முதல் பதிவின் முடிவுக்கு வருகிறேன். இன்றைய விலையின் வேர் அங்கே இருக்கிறது என்றீர்கள். மைனிங் நின்ற பிறகு, 2022 நவம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 வந்தது 1,199 டாலருக்கு. 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் முதல் மாதங்களில் அறிவித்த விலைக்குக் கிடைக்கவில்லை. அப்போது எத்தேரியத்தைக் கைகாட்ட வழியில்லை. 3080-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் வந்தது, 4080-இன் சிப் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் நவீனமான, விலை கூடிய முறையில் வந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களும் அதே ஆலைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. பேய் போன பிறகும் வீடு ஆடினால் அடித்தளத்தைத்தானே பார்க்க வேண்டும்?

தும்பி எழுதியது:

2025-இன் தட்டுப்பாட்டுக்கு மைனிங் காரணமில்லை. "இன்றைய விலை" என்று நான் பொதுவாக எழுதியது தவறு, அந்த அளவுக்கு என் கூற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். 4080-ஐப் பற்றி மட்டும் விடமாட்டேன். உற்பத்திச் செலவு கூடியது உண்மை. ஆனால் அந்தக் கார்டு விலையின் காரணமாகவே தயக்கத்தோடு வரவேற்கப்பட்டது, 2024 ஜனவரியில் 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது. சிப் அதே குடும்பம், செய்முறை அதே, வேகம் சற்றுக் கூடுதல், விலை 200 டாலர் குறைவு. அந்த 200 டாலரை உற்பத்திச் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. 699 டாலர் கார்டை இரு மடங்குக்கு வாங்கிப் பழகிய ஒரு சந்தையைப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டம் இன்னும் இருக்கிறது என்று நம்பி வைத்த விலை அது. அப்படி இரு மடங்கு கொடுத்தவர்களில் யார் கேமர், யார் மைனிங் செய்பவர் என்று விலை வைத்தவர்கள் பிரித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

வெண்பலகை எழுதியது:

அந்த 200 டாலருக்கு என்னிடம் மாற்று விளக்கம் இல்லை. 699-க்கும் 999-க்கும் இடையிலுள்ள மீதி 300 டாலரைப் பற்றித்தான் இனி நாம் பேச வேண்டும். அதில் பெரும்பகுதி சிப் ஆலைக்கும் மெமரிக்கும் போகிறது என்ற என் நிலையில் மாற்றமில்லை.