1350 ரூபா வாங்குகிறவன் ஏழையா?

பொகவந்தலாவை பொடியன்:
நேற்று 2025 ஒக்டோபர் 17, உலக வறுமை ஒழிப்பு நாள். அதற்குக் கொழும்பு செல்வா அண்ணன் இங்கே போட்ட பதிவைப் பார்த்து ராத்திரி சோறு இறங்கவில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1350 ரூபாவாம். டொலர் 300 என்று வைத்தாலும் நாலரை டொலராம். உலக வங்கியின் அதீத வறுமைக் கோடு 3 டொலர்தானாம். ஆகவே மலையகத்தில் அதீத வறுமை என்பது என்ஜீஓக்காரர்களின் பிழைப்பாம்! அண்ணே, அந்த 1350 முழுசாக யார் கையில் விழுகிறது?

கொழும்பு செல்வா:
கணக்குக்குக் கணக்கால் பதில் சொல்லு தம்பி. 1350ஐ 300ஆல் வகுத்தால் 4.5. அது 3ஐ விடப் பெரிசா, சின்னதா?

பதுளை டீச்சர்:
செல்வா, அந்த 3 டொலர் தலைக்கு, ஒரு நாளைக்கு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அதோடு அது வங்கியில் மாற்றும் டொலரும் இல்லை, அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிக்கட்டியது. 300ஆல் வகுப்பதே பிழை. என்னைக் கேட்டால் இந்த வறுமைக் கோட்டையே விடலாம். அதீத வறுமை பற்றி ஐநா மனித உரிமைப் பேரவை 2012இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் வருமானத்தோடு நிற்கவில்லை. வீடு, தண்ணீர், படிப்பு, வைத்தியம், நீதி கேட்டுப் போகும் வழி எல்லாவற்றையும் உரிமைக் கணக்கில் வைக்கின்றன. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இலேயே சேர்ந்துவிட்டது.

கொழும்பு செல்வா:
பாடம் அருமை டீச்சர். நான் கேட்டது 1350.

பொகவந்தலாவை பொடியன்:
1350தானே வேண்டும்? கேளுங்கள். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். தராசில் போட்டதும் சாக்குக்கு ஒரு கழிவு, மழை பெய்திருந்தால் தண்ணிக்கு ஒரு கழிவு. முள்ளு எங்கே நின்றது என்று அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் சாக்கு இறங்கிவிடும். கொழுந்து இல்லாத மாதத்தில் பாதி நாள் வேலையே கிடையாது. அப்புறம் ஈபிஎப் என்கிற சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கடைக் கடன். மிஞ்சுவதை வீட்டிலுள்ள ஐந்து பேருக்குப் பிரித்துவிட்டு உங்கள் 300ஆல் வகுங்கள்!

மஸ்கெலியா ராஜா:
சந்தா என்றதும் ஞாபகம் வந்தது. வருசக்கணக்காக வெட்டுகிற சந்தாவுக்குச் சங்கங்கள் என்ன கிழித்தன? அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டீர்களே.

பொகவந்தலாவை பொடியன்:
ராஜா, உங்கள் மாமா தோட்டத்துச் சங்கத் தலைவராக இருந்தபோது இதைக் கேட்டிருக்கலாமே?

கொழும்பு செல்வா:
நானும் லயத்தில், அந்தத் தோட்ட வரிசை வீட்டில், பிறந்தவன்தான். படித்தேன், வெளியே வந்தேன். இன்றைக்கு லயத்துக்கு லயம் டிஷ் அன்டனா நிற்கிறது. 1350 எடுக்கிறவன் அதீத ஏழை என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான்.

பொகவந்தலாவை பொடியன்:
டிஷ்ஷைப் பார்த்த கண்ணுக்கு அது நிற்கிற தகரம் தெரியவில்லையா? வெள்ளைக்காரன் காலத்துக் காம்பரா (அறை), பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் கல்யாணம் முடித்த அண்ணன், அண்ணி, நாங்கள். கூரை பறந்தால் மாற்றக்கூடத் தோட்ட மேலாளரான துரையிடம் கேட்க வேண்டும், காணி நம்முடையது இல்லையே. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். நாடற்று மிஞ்சியவர்களுக்கு அதைத் தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனை வருசம் நாடற்றவனாக நிறுத்தி வைத்த கணக்கை எந்த டொலரில் போடுவீர்கள்?

பதுளை டீச்சர்:
தற்கால அடிமைமுறை பற்றிய ஐநா சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2021இல் வந்து பார்த்து, மலையகத் தமிழர் நிலையையும் எழுதியிருக்கிறார். அதையாவது வாசியுங்கள்.

கொழும்பு செல்வா:
வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு 1350 தெரியுமா?

பொகவந்தலாவை பொடியன்:
தீபாவளிக்குத் தீபாவளி வந்து போகிற உங்களுக்குத் தெரிகிறதே!

மஸ்கெலியா ராஜா:
பொடியன், மாமாவை இழுத்தது நல்லதுக்கு இல்லை. கோயில் திருவிழாக் கணக்கை நானும் இங்கே அவிழ்ப்பேன்.

பொகவந்தலாவை பொடியன்:
தாராளமாக அவிழுங்கள். கணக்குக் கொப்பி கோயில் கமிட்டியிடம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கோயில் வரி பாக்கியும் அதில் இருக்கிறது, படம் பிடித்துப் போடட்டுமா?