2027 கிரகணத்துக்கு ஊசல் தொங்கவிட இடம் வேண்டும்

2027 ஆகஸ்ட் 2 சாயங்காலம் நம்ம திருநெல்வேலியிலும் பகுதி சூரிய கிரகணம் தெரியும். 1954-இல் பாரிசில் மோரிஸ் அலே என்ற பிரெஞ்சு அறிஞர், கிரகண நேரத்தில் தன் ஊசல் ஆடும் திசை வழக்கத்தைவிட விலகியதாகப் பதிவுசெய்தார். முடிவான விளக்கம் இன்றுவரை இல்லை. நாமும் அளந்து பார்க்கலாம்.

4 மீட்டர் எஃகுக் கம்பி, 8 கிலோ பித்தளைக் குண்டு. பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்பும்; நம் அட்சரேகையில் அது மணிக்கு 2.27 பாகைதான். 10 செ.மீ. வீச்சில் குண்டு பக்கவாட்டில் 3 மி.மீ. விலகி நீள்வட்டமாக ஆடினாலே அதே அளவு போலித் திருப்பம் வந்துவிடும். அதனால் கையால் விடக்கூடாது. நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்துத்தான் விடவேண்டும். ஆடிக்காற்று பெரிய பகை.

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் லாரி போகாத தெருவில், ஜன்னல் அடைத்த, கான்கிரீட் உத்தரமுள்ள குடோன் யாரிடமாவது உண்டா? கிரகண நாளுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாள் அதே நேரத்தில் ஊசலை ஓட்டவேண்டும். இல்லையென்றால் வெயில் தணிவதன் விளைவைப் பிரிக்கமுடியாது. குண்டு கடைய லேத் பட்டறையும் தேவை.