டேம்பருக்குத் தமிழ்: காற்றுமடை, புகைமடை

அனைவருக்கும் வணக்கம்.

கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் கரிப் புகையடுப்பை வீட்டிலேயே மேம்படுத்தும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்குவதில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அடுப்பின் காற்றுவழியையும் புகைவழியையும் திறந்து மூடும் தகடான டேம்பர் என்ற சொல்லில்தான் வண்டி நிற்கிறது.

> இயற்பியலில் தணிப்பான் என்று ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே.

ஐயா, தணிப்பான் நல்ல சொல். அதிர்வைக் குறைக்கும் கருவிக்கு அது பொருந்தும். ஆனால் புகையடுப்பின் டேம்பர் தீயைத் தணிப்பது பாதி வேலைதான். திறந்துவிட்டால் தீயைக் கிளப்புவதும் அதே டேம்பர்தான். தணிப்பானைத் திறந்தால் சூடு ஏறும் என்று எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

கரி அடுப்பில் சூட்டைத் தீர்மானிப்பது காற்று. கூடையில் எவ்வளவு கரி இருக்கிறது என்பது எத்தனை மணி நேரம் எரியும் என்பதைச் சொல்லும், எவ்வளவு சூடாக எரியும் என்பதைக் காற்று சொல்லும். டெக்சாஸ் பாணியில் மாட்டு நெஞ்சுக்கறியை 107 முதல் 121 டிகிரி செல்சியசுக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அத்தனை நேரமும் கை போவது காற்று நுழையும் வாயில் உள்ள அந்தச் சின்னத் தகட்டுக்குத்தான். அதைச் சற்றே நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கங்கு அடங்கி வெப்பமானியின் முள் இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகும்.

இன்னொரு டேம்பர் புகைபோக்கியின் தலையில் இருக்கிறது. அதன் வேலை வேறு. பொதுவாக அதைத் திறந்தே வைப்பார்கள். சூட்டைக் குறைக்கிறேன் என்று அதை மூடினால் புகை உள்ளேயே தேங்கி, கறியில் கரிப்பிசின் படிந்து கசந்துவிடும். ஆங்கிலக் குறிப்பில் இரண்டுக்கும் டேம்பர் என்றே வருகிறது. ‘டேம்பரைக் குறை’ என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர் மேலே உள்ளதை மூடினால் நாள் முழுக்க வெந்த கறி வீண். அதனால் இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

என் பரிந்துரை: காற்று நுழைவது காற்றுமடை, புகை வெளியேறுவது புகைமடை.

மடை நமக்குப் புதிதில்லை. கண்மாயிலிருந்து வாய்க்காலுக்கு நீர் போவதும் மடைதான், வாய்க்காலிலிருந்து வயலுக்குள் நுழைவதும் மடைதான். திறக்கலாம், அடைக்கலாம், பாதி திறந்து விடலாம். வினைச்சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது. தலைமடை, கடைமடை என்றே வைத்துவிட்டால் என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவை பாசனத்தில் ஊர்ப்பகுதிகளைக் குறித்து நிலைத்துவிட்டன. எதன் வழியாக எது போகிறது என்பது பெயரிலேயே தெரிவது நல்லது.

> பீப்பாய் புகையடுப்பில் பால் வால்வு (உள்ளே உருண்டை சுழலும் குழாய் வால்வு) அல்லவா பொருத்துகிறார்கள்? அதற்கு அடைப்பிதழ் என்றுதானே வரும்?

ஆமாம் தங்கை, 55 காலன் எண்ணெய்ப் பீப்பாயில், அதாவது சுமார் 208 லிட்டர் பீப்பாயில், அடியில் துளையிட்டுக் குழாய் வால்வைத்தான் திருகுகிறார்கள். வேறொன்றில் சுழலும் வட்டத் தகடு இருக்கும், இன்னொன்றில் இழுத்துத் தள்ளும் தகடு இருக்கும். உருவத்தை வைத்துப் பெயரிட்டால் மூன்று சொல் தேவைப்படும். செய்யும் வேலையை வைத்தால் மூன்றுமே காற்றுமடை. கடையில் வாங்கும்போது மட்டும் வால்வு என்று கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் கேஸ்கெட், அதாவது இடைவெளியில் காற்று கசியாமல் அடைக்கும் பட்டை. இதற்குத் தமிழ் தேடி நேரம் போக்க வேண்டாம் என்று நினைக்கிறேன், எல்லோரும் கேஸ்கெட் என்றுதான் சொல்கிறார்கள். விலை குறைந்த மெல்லிய தகட்டு அடுப்புகளில் மூடி விளிம்பிலும், தீ எரியும் பெட்டியான தீப்பெட்டகம் சேரும் இடத்திலும் காற்று கசியும். கசிகிற இடைவெளியெல்லாம் நாம் கட்டுப்படுத்த முடியாத மடைகள். கண்ணாடியிழைக் கயிறு ஒட்டி அவற்றை அடைப்பதுதான் முதல் மேம்பாடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆஃப்செட் புகையடுப்புக்கு வந்த ‘விலகல் புகையடுப்பு’ எனக்குச் சரியாகப் படவில்லை. நம் மண்ணடுப்பில் தலையடுப்பு, கொடியடுப்பு என்று இரண்டு உண்டு. விறகு தலையடுப்பில் எரியும், சூடு உள்துளை வழியாகப் பக்கத்துக் கொடியடுப்புக்குப் போகும். அங்கே பாலை வைத்தால் நிதானமாகச் சுண்டி மேலே கெட்டி ஆடை கட்டும். ஆஃப்செட்டிலும் தீ ஒரு பெட்டியில், கறி பக்கத்துப் பெட்டியில். எனவே கொடிப் புகையடுப்பு. வீட்டில் விறகடுப்பு பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பேஃபிள் பிளேட்டுக்கு வந்த ‘தடுப்புத்தகடு’ பற்றி ஒரு வார்த்தை. தீப்பெட்டகத்தின் வாயில் சாய்த்து வைக்கும் அந்த எஃகுத் தகடு சூட்டைத் தடுப்பதில்லை. நேராக முதல் துண்டுக் கறியைத் தாக்கவிடாமல் கீழே திருப்பிவிடுகிறது. திருப்புத்தகடு என்று வைக்கலாம். கறி வைக்கும் தட்டுக்கு அடியில் படுக்கையாகக் கிடக்கும் இடைவெளிவிட்ட தகடுகள் சூட்டை இரு முனைக்கும் சமமாகப் பரப்புகின்றன. அவை பரப்புத்தகடுகள். இந்த இரண்டில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை, இதைவிடப் பொருத்தமானது வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பத்தியில் ஓர் எச்சரிக்கை விடுபட்டிருக்கிறது, சேர்த்தே ஆக வேண்டும். இந்தத் தகடுகளுக்கு ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய தகட்டை, பயன்படுத்தக் கூடாது. கடுஞ்சூட்டில் துத்தநாகப் பூச்சு புகைந்து, சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும். பூச்சில்லாத எஃகுதான் வேண்டும். பழைய பீப்பாய் என்றால் உள்பூச்சை முதலில் எரித்துச் சுரண்டிவிட வேண்டும்.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “முள் 120ஐத் தாண்டினால் காற்றுமடையைக் கால் பங்கு மூடுங்கள், புகைமடையைத் தொடாதீர்கள்.” எனக்கு உறுத்தவில்லை. எதிர்ப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், பிறகு குறிப்பு முழுவதும் மாற்றிவிடுகிறேன்.