ஐ-20 படிவத்தில் வேறு பாடக் குறியீடு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். பொறியியல் மேலாண்மைக்கு இடம் கிடைத்திருக்கிறது. சிக்கல், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில். பொறியியல் மேலாண்மைக்கு உரிய 15.1501 குறியீட்டுக்குப் பதிலாக 52.0201, அதாவது பொது வணிக நிர்வாகம் என்று போட்டிருக்கிறார்கள். முதலாவது அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உண்டு. படிப்பு முடிந்ததும் 12 மாத ஓபிடிக்கு, அதாவது படித்த துறையில் அங்கேயே வேலை பார்க்கும் அனுமதிக்கு, மேல் 24 மாத நீட்டிப்புக் கேட்கலாம். இரண்டாவதற்கு அந்த வாய்ப்பே இல்லை. கல்விக் கடன் வாங்கிப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதினேன்; துறையைக் கேட்கச் சொன்னார்கள். துறையோ அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. இங்குள்ள ஆலோசகர் "விசா வந்தால் போதும்" என்கிறார். அவருக்குப் போதும்தான். ஜூலையில் சென்னையில் நேர்காணல், ஆகஸ்டில் வகுப்பு.

நேர்காணலுக்கு முன்பே குறியீட்டைத் திருத்திப் புதிய ஐ-20 பெற்றவர்கள், யாரிடம் எந்த ஆவணத்தைக் காட்டிப் பெற்றீர்கள்?