“கொம்பு முன்னாடிதானே நிக்குது, ஏன் டீச்சர் பின்னாடி சொல்றோம்?”: எழுத்து சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

விழுப்புரம் மாவட்டம், இடைநிலை ஆசிரியை:

19 வருஷமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புதான் எடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது என் எதிரில் இருந்தவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர்கள். 2020-இல் பெயர் சேர்த்ததோடு சரி. பலப்பம் பிடிக்கவே விரல் வளையவில்லை.

அதில் ஒரு பையன் மட்டும் மடமடவென்று படித்தான். வரிக்கு அடியில் விரல் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சரியாகப் பக்கத்தைப் புரட்டினான். எனக்கு மனசு நிறைந்துபோனது. நான்காவது நாள் என்ன தோன்றியதோ, படத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு “இப்பப் படி” என்றேன். நின்றுவிட்டான். ஒரு எழுத்தும் தெரியவில்லை. வீட்டில் அக்கா சத்தம்போட்டுப் படித்ததை அப்படியே காதில் வாங்கி, எந்தப் படத்துக்கு எந்த வரி என்று மனசில் அடுக்கி வைத்திருக்கிறான். “திட்டாதீங்க டீச்சர்” என்றான். திட்டுவதா! முழுப் புத்தகத்தையும் காதாலேயே பிடித்த பிள்ளைக்கு எழுத்து எம்மாத்திரம்?

அன்றைக்கே ட, ப, ம ஆரம்பித்தோம். ‘அ’வில் ஏன் தொடங்கவில்லை என்றால், அதில் சுழி, வளைவு, கோடு எல்லாம் வருகிறது. ‘இ’ அதைவிட மலை. ‘ட’வுக்கு இரண்டே கோடு. ‘ப’வுக்கு மூன்று. புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் இந்த மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். முதல் வாரமே ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை நாம் இழுக்க வேண்டாம், அது நம்மை இழுக்கும்.

கால் போட்ட எழுத்தும் சுலபமாக வந்தது. கொம்பில் மாட்டிக்கொண்டோம். ‘கெ’ என்று எழுதிக் காட்டினேன். அந்தப் பையன்தான் கேட்டான்: “கொம்பு முன்னாடிதானே நிக்குது, ஏன் டீச்சர் பின்னாடி சொல்றோம்?” அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த நாமே, இந்த இடத்தில் மட்டும் பார்த்ததை வாயில் அடக்கிவைத்து அடுத்ததைப் பார் என்கிறோம்.

மறுநாள் பழைய அட்டைப்பெட்டியை வெட்டிக் கொம்பு, கால், க, ட, ப எல்லாம் செய்து எடுத்துப் போனேன். ஆளுக்கு ஒன்று. கொம்பு வைத்திருக்கும் பிள்ளை முதலில் வந்து நிற்கும், வாய் திறக்கக் கூடாது. ‘க’ வந்து கைகோத்த பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து “கெ” என்று கத்த வேண்டும். ‘கொ’ என்றால் காலும் ஓடிவந்து மறுபக்கம் கைகோக்கும். மூன்று பேர், ஒரே சத்தம். ‘கால்’ ஓடிவர மறந்து நின்றால் மற்ற பிள்ளைகள், “கால் வா, கால் வா, இல்லன்னா கொடி கெடியாயிடும்” என்று கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் கொம்பு வசமானது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

கொம்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நான் பிள்ளைகளிடம் சொன்னது இது: திருவிழாவில் கொம்பு ஊதுகிறவர் முன்னால் போவார், சாமி பின்னால் வரும். கொம்பைப் பார்த்ததும் கும்பிட்டுவிடுவோமா? சாமி வரட்டும் என்று நிற்போம் அல்லவா, அதுபோல. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது.

ட, ப என்று தொடங்குவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் அவர்களுடைய தாய்மார்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு அகர வரிசையில் தொடங்கவில்லை. ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கினோம். நிலமில்லாத பெண்களுக்கு அது வெறும் சொல் இல்லை. குவாரியில் கல் உடைத்துக் காய்ந்துபோன விரல்களால் ‘ட்டா’ எழுதும்போது அவர்கள் கொடுத்த அழுத்தத்தில் சிலேட்டே கீறும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தனக்கு வேண்டிய சொல்லாக இருந்தால் கை தானாகப் போகும். என் வகுப்பில் முதல் சொல் எப்போதும் அந்தந்தப் பிள்ளையின் பெயர்தான். எழுத்து வரிசைப்படி அது எப்போது வரும் என்று நான் காத்திருந்ததில்லை.

இன்னொன்று. நான் படித்தபோது ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை போல மேலே வளைத்து எழுதுவோம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ஆசிரியர்களாகிய நாங்கள்தான் முதலில் கையை மாற்றிப் பழக வேண்டியிருந்தது. பல மாதம் கை பழைய பக்கமே போகும். பிள்ளை ஒரு எழுத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக எழுதினால் அந்த மாதங்களை நினைத்துக்கொள்வேன்.

கடலூர் மாவட்டம், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்:

வணக்கம் டீச்சர், வணக்கம் ஐயா. நான் ஆசிரியப் பயிற்சி படித்தவள் இல்லை. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த அரசுத் திட்டத்தில் சேர்ந்தேன். ஊக்கத்தொகை மாசம் 1,000 ரூபாய். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருபது பிள்ளைகள்.

நான் பண்ணிய ஒரு தப்பைச் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பொண்ணு ஒன்று, “உன் வீட்டைப் பத்தி ரெண்டு வரி எழுது” என்றதும் இப்படி எழுதிக் கொடுத்தது: “எங்கம்மா நேத்து நாத்து நட போச்சி. கால்ல முள்ளு குத்திடுச்சி.” சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்து, “என் அம்மா நேற்று நாற்று நடச் சென்றார். காலில் முள் குத்தியது” என்று திருத்தினேன். அது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இது எங்கம்மா இல்லக்கா” என்றது.

அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கப்புறம் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் மேல் கோடு போடுவதே இல்லை. கீழே இன்னொரு வரியில், “இதையே புத்தகத்துல எப்படிச் சொல்வாங்க?” என்று சேர்ந்து எழுதுவோம். பத்து நாளில் அந்தப் பொண்ணே கண்டுபிடித்துச் சொன்னது: “அக்கா, நம்ம நேத்து, நாத்து, காத்து எல்லாத்துலயும் புத்தகத்துல ‘ற்’ வருதுக்கா.” நான் இலக்கணமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது. ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை நம்மிடம் மனசிலிருந்து எதையும் எழுதிக் காட்டாது.

சென்னை, இரண்டாம் வகுப்பு மாணவியின் அம்மா:

நான் டீச்சர் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் எழுத்து எல்லாம் தெரியும், சொல்லாகச் சேர்த்தால் வாய் இடறும். ‘தங்கம்’ என்பதை ‘தங்-க-ம்’ என்று ‘கடல்’ ககரத்தோடு சொல்வாள். அவள் தப்பு என்ன? ஒரே ‘க’தானே இருக்கிறது.

தாம்பரம் மின்ரயில்தான் எங்களுக்குப் பாடசாலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர்ப் பலகையைப் படிப்பாள். கிண்டி, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், குரோம்பேட்டை. வாரக்கணக்கில் போய்வந்த பிறகு ஒரு நாள், “கிண்டில ‘ட’ மெதுவா இருக்கு, பேட்டைல அடிக்குது” என்றாள். முன்னால் ண், ங், ம் வந்தால் மெதுவாகும் என்று அவளே பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் ‘தங்கம்’ சரியாக வந்தது.

விழுப்புரம் ஆசிரியை மறுபடியும்:

ஐயா, உங்கள் கொம்புக்காரரை வரும் திங்கட்கிழமையே வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். கடலூர் தங்கச்சி, “இது எங்கம்மா இல்லக்கா”வைப் படித்துவிட்டு என் பழைய திருத்தங்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 2022 ஜூனில், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அவன் மூன்றாம் வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலையில் அவன் அரும்பில் உட்கார்ந்தான். வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த விஷயம். ஆனால் “நீ அரும்பு, அவன் மலர்” என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லவே கூடாது.

தீபாவளி நெருங்கும்போது ஒரு நாள் பகல் 11 மணிக்கு அவன் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் காலிக் கேன். ஏதோ பிரச்சினை என்று பதறி வெளியே வந்தேன். “முந்தாநாள் லீவுல இவனையும் ரேஷன் கடைக்கு இட்டுக்கினு போனேன் டீச்சர். நான் பாட்டுக்கு வரிசைல நின்னுக்கினு இருந்தேன். போர்டைப் பார்த்து ‘மண்ணெண்ணெய் இல்லை’ன்னு படிச்சிட்டு, வாம்மா போலாம்னான். வரிசைல அத்தினி பேரு நின்னாங்க, இவன்தான் படிச்சான். இன்னிக்கு மறுபடியும் கடைக்குப் போற வழி, உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

உள்ளே போய்க் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதினேன். மண்ணெண்ணெய். கொம்பு இரண்டு, புள்ளி மூன்று. அவன் எழுந்து வந்து, நான் கேட்காமலேயே விரல் வைத்துப் படித்தான்.