அடுப்படிக் காட்சிக்கு ஷாட், செட்டிங் சொல்லி உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கல்லூரிக்காக ஒரு குறும்படம் எடுக்கிறோம். கேனான் 1500டி கேமரா, இரவல் வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இவ்வளவுதான் கையில்.

ஒரு காட்சிதான் தூங்கவிடாமல் செய்கிறது. ஊரைவிட்டுப் போகும் பேரனுக்காகப் பாட்டி ட்யூப்லைட் வெளிச்சத்தில் முறுக்கு பிழிகிறார். வசனமே கிடையாது. சோதித்துப் பார்த்தபோது ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/60 நொடியில் இருந்ததால் சுவரில் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, ட்யூப்லைட்டின் துடிப்போடு 1/60 ஒத்துப்போகவில்லை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-இல் வைத்தால் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. லென்ஸை முழுதாகத் திறந்த எஃப் 1.8-இல் விரல் தெளிவு, முறுக்கு மங்கல்.

லென்ஸைக் கொஞ்சம் மூடி எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஒரு எல்இடி விளக்கைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி அடித்தால் போதுமா? அப்புறம், நடுங்கும் அந்தக் கைகளின் க்ளோஸப்பில் தொடங்கலாமா, வாசலில் பேரனும் தெரியும் வைடு ஷாட்டிலா? எனக்குக் கைகள்தான் கதை என்று தோன்றுகிறது. சனிக்கிழமை படப்பிடிப்பு, எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.